நேட்டாலுக்குப் போன பூட்டனைத் தேடுவது எப்படி? கோவேந்தர், மூட்லி, படையாச்சி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவேந்தர், படையாச்சி என்ற குடும்பப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. இவர்களில் பெரும்பாலோர் 1860-க்கும் 1911-க்கும் இடையில் நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வம்சம். அந்தக் காலத்தில் போன இந்தியர்கள் சுமார் 1,52,000 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாகப் போனவர்கள். அவர்களுடைய நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் இப்போது இங்கே வந்து "எங்கள் ஊர் எது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்கு உதவப்போய் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கப்போகும் இங்கத்திய நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பிக்காதீர்கள். அது கடைசியில் விளங்க வேண்டிய சங்கதி. முதலில் வேண்டியது ஓர் எண்.

முதல் படி: காலனி எண்

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் நங்கூரமிட்ட 'ட்ரூரோ' தொடங்கி, 1911 வரை வந்த கப்பல்கள் எல்லாவற்றுக்கும் தொடர்ச்சியாக ஓடிய எண் அது. கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, முதலாளி மேல் கொடுத்த புகார், ஒப்பந்தம் முடிந்ததும் கொடுத்த விடுதலைச் சீட்டு, சாவுப் பதிவு என்று எதிலும் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் நிற்கும். அதே பெயரில் நூற்றுக்கணக்கான முனுசாமிகள் இருந்தார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

அதனால் முதல் வேலை, வீட்டுப் பெட்டியைத் திறப்பது. பாட்டி வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியில் பழைய கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் 3 பவுன் வரி கட்டிய ரசீது, விடுதலைச் சீட்டு எதுவாக இருந்தாலும் ஓரத்தில் ஆறு இலக்கம் வரையுள்ள ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலனியில் பிறந்த பிள்ளைகளின் பதிவில் பெற்றோரின் எண் இருக்கும், அதுவும் போதும்.

இரண்டாம் படி: எண் இல்லையென்றால் சாவிலிருந்து பின்னோக்கி

பிறப்பைத் தேடி ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. தென்னாப்பிரிக்காவில் அதைவிடப் பயனுள்ள ஆவணம், சொத்து தொடர்பான கோப்பில் இருக்கும் மரண அறிவிப்பு. இறந்தவர் பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே தாளில் வந்துவிடுவார்கள். இதை நெருங்கிய உறவினர் சொல்லச் சொல்ல எழுதியிருப்பார்கள். ஆகவே பிள்ளைகள் பெயரில் தவறு குறைவு, பாட்டன் பாட்டி பெயரில் தவறு அதிகம். படிக்கும்போது அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேட்டால் பகுதிக் கோப்புகள் பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'நார்ஸ்' என்ற இணைய அட்டவணையில் பெயரைப் போட்டால் கோப்பு எண் வரும், கோப்பு வராது. அந்த எண்ணைக் கொடுத்து நகல் கேட்க வேண்டும். வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசெர்ச் இணையதளத்திலும் நேட்டால் மரணப் பதிவுகள் பல ஏறியிருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டுச் சான்றுகளுக்கு உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது சுருக்கச் சான்று வேண்டாம், முழு விவரச் சான்று வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். சுருக்கச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது.

தலைமுறையைப் பின்னோக்கிக் கடக்கும்போது ஒரு சிக்கல் நிச்சயம் வரும். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இருவருக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும். பயப்பட வேண்டாம். நம்மூர் வழக்கப்படி தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்தவர்களை, வெள்ளைக்காரக் குமாஸ்தா கடைசிப் பெயர் என்ன என்று கேட்டுப் படிவத்தை நிரப்பினார். மூத்தவனுக்குத் தகப்பனின் சொந்தப் பெயர் பெருமாள் என்று விழுந்தது. இளையவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது தகப்பன் சொல்லிக்கொண்ட கவுண்டர் பட்டம் ஆங்கில எழுத்தில் கோவேந்தர் என்று விழுந்தது. இப்படி ஒரே குடும்பம் பெருமாள், கோவேந்தர் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். முனுசாமி, கோவிந்தசாமி, சுப்ரமணி, மாரிமுத்து என்ற குடும்பப் பெயர்கள் எல்லாம் யாரோ ஒரு பூட்டனின் சொந்தப் பெயர்தான்.

இன்னொன்று, பிள்ளை தாயின் பெயரில் பதிவாகியிருக்கலாம். அதை வைத்துக் கதை கட்டாதீர்கள். நம் முறைப்படி நடந்த கல்யாணத்தை, ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கவனிக்க அரசு வைத்த குடியேறிகள் காப்பாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவமல்லாத, பதியப்படாத கல்யாணங்களைச் செல்லாது என்றே ஆக்கியது. பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தாலி கட்டியவர்கள் பதியாமல் விட்டது ரொம்பச் சாதாரணம்.

மூன்றாம் படி: கப்பல் பட்டியலை நிதானமாகப் படிப்பது

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். மூலப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினித் தரவுத்தளமாக்கியிருக்கிறது. தரவுத்தளத்தில் வரியைக் கண்டுபிடியுங்கள். முடிந்தால் மூலப் பக்கத்தின் படத்தையும் வாங்குங்கள். கை எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவருக்கு 'ஆரணி' என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஒரு வரியில் பொதுவாக எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், அங்க அடையாளம், எந்த முதலாளியிடம் போனார் என்பவை இருக்கும். சில வரிகளில் பின்னால் நடந்ததையும் குறித்திருப்பார்கள்: இன்ன தேதியில் இறந்தார், இன்ன கப்பலில் ஊர் திரும்பினார் என்று. 'தாணா' வடக்கத்திச் சொல். மதராஸ் கப்பல்களில் அந்தப் பத்தியில் தாலுகாவை எழுதினார்கள்.

வயதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 20, 22, 25, 30 என்று கண்ணால் பார்த்துப் போட்ட வயது அது. அங்க அடையாளத்தை விடாதீர்கள். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை, மார்பில் மச்சம் என்று ஒரு சொல்தான் இருக்கும். ஆனால் அதே தழும்பு பிற்பாடு வரும் விடுதலைச் சீட்டிலும் குறிக்கப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது மேலும் கீழுமுள்ள வரிகள். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண்களே விழுந்தன. கணவன், மனைவி, பிள்ளை என்று வரிசையாக வருவார்கள். உங்கள் ஆளுக்கு மேலே பத்து, கீழே பத்து வரிகளையாவது படியுங்கள். அதே கிராமத்திலிருந்து மூன்று பேர் சேர்ந்து போயிருந்தால் அங்கேயே தெரியும். ஊர்ப்பெயர் உங்கள் வரியில் சிதைந்திருந்தாலும் பக்கத்து வரியில் ஒழுங்காக விழுந்திருக்கலாம்.

கணவன் மனைவியின் கிராமம் வேறு வேறாக, ஜில்லாகூட வேறாக இருந்தால்? 100 ஆண்களுக்கு 40 பெண்களையாவது ஏற்ற வேண்டும் என்பது விதி. கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவில் காத்திருந்த நாட்களில் ஜோடி சேர்ந்தவர்கள் உண்டு. அது ஊரில் பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தமாக இருக்க வேண்டியதில்லை. அப்படியானால் தாய்வழியைத் தனியாகவும் தகப்பன்வழியைத் தனியாகவும் தேட வேண்டும்.

முதலாளி பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நேட்டால் அரசு ரயில்வேயா, உம்சிண்டோ பக்கத்து ரெனால்ட்ஸ் தோட்டமா, டர்பன் மாநகராட்சியா என்பதைப் பொறுத்து அடுத்து எங்கே தேடுவது என்பது மாறும். மாநகராட்சி ஆட்கள் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்தார்கள். பிற்பாடு அந்தக் குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றினார்கள். முதலாளியோடு தகராறு வந்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள காப்பாளர் அலுவலகக் கோப்புகளில் பக்கம் பக்கமாக விஷயம் இருக்கும். 1894-இல் எஜமான் அடித்து முன்பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு இளம் வக்கீல் காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரத்தை நாம் அறிவோம். அவருக்குக் கிடைத்ததுபோல் வக்கீல் கிடைக்காமல் காப்பாளரிடம் மட்டும் முறையிட்டவர்கள் ஏராளம். பூட்டன் என்ன பேசினார் என்பது, மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் என்றாலும், கேட்கக் கிடைக்கிற ஒரே இடம் அது.

எண்ணே கிடைக்கவில்லை என்றால்

எல்லாத் தமிழரும் ஒப்பந்தத்தில் போனவர்கள் இல்லை. சொந்தச் செலவில் போனவர்களும், மொரீஷியஸில் ஒரு தலைமுறை இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. காந்தி நடத்திய டிரான்ஸ்வால் போராட்டத்தின் தூண்களில் ஒருவரான தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர். குடும்பத்தில் யாராவது பிரெஞ்சு கலந்த மொரீஷியஸ் பேச்சைப் பேசியதாகக் கேள்விப்பட்டால், மொரீஷியஸின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களை நாடுங்கள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் டர்பன் கத்தோலிக்கத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகள் உதவும். 'ட்ரூரோ'விலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1866 முதல் 1874 வரை ஆள் ஏற்றுவது நின்றிருந்தது. "1870-இல் வந்தார்" என்று வீட்டில் சொன்னால் அந்த வருஷத்தை நம்பாமல் முன்னும் பின்னும் பாருங்கள்.

நான்காம் படி: இப்போது குடும்பப் பெயருக்கு வரலாம்

பெயர்களை முதலில் ஒலியால் பிரித்துப் பாருங்கள். மூட்லி, மூட்லியார் எல்லாம் முதலியார். கோவேந்தர், கவுண்டன் இரண்டும் கவுண்டர். நைக்கர் என்பது நாயக்கர். பாத்தர் என்று எழுதுவது பத்தர், பொற்கொல்லர் பட்டம். ஆர்ச்சரி என்பது ஆசாரி. மேஸ்திரி, சர்தார் என்பவை சாதியே அல்ல. வேலையிடத்தில் கிடைத்த பதவி அப்படியே குடும்பப் பெயராகிவிட்டது. அப்பலசாமி என்றிருந்தால் தெற்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சிம்மாசலம் அப்பன்னாவைக் கும்பிடும் விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்குப் பெயர் அது. '-ஐயா' என்று முடியும் நாகையா, வெங்கையா முதலியவையும் பெரும்பாலும் ஆந்திரப் பக்கம்தான்.

அட்டவணைகளில் தேடும்போது எழுத்தை நம்பாமல் ஒலியை நம்புங்கள். 'ஊ' ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போடுவது அன்றைய வழக்கம். வீராசாமியை 'வி'யிலும் 'டபிள்யூ'விலும் தேட வேண்டும். ஏழுமலை, எல்லுமலை, யெல்லமலை மூன்றும் ஒருவராக இருக்கலாம்.

இதற்குமேல் பெயரை வைத்துச் சாதியையோ ஊரையோ முடிவு செய்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோவேந்தர் என்றதும் ஈரோடு, கோயம்புத்தூர் என்று கிளம்பிவிடுவார்கள். கவுண்டர் என்ற பட்டம் கொங்கு வேளாளருக்கு மட்டும் உரியதில்லை. சேலம், வட ஆர்க்காடு வன்னியர்களுக்கும் அதே பட்டம்தான். வன்னியர்களே தாலுகாவுக்குத் தாலுகா படையாட்சி, நாயக்கர், கவுண்டர் என்று வேறுபடுவார்கள். படையாட்சி என்றால் தென் ஆர்க்காடு, தஞ்சைப் பக்கமும், நாயக்கர் என்றால் செங்கல்பட்டுப் பக்கமும் முதலில் பார்ப்பது நியாயம். நேட்டாலுக்குப் போனவர்களில் வட மாவட்டத்தாரே மிகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் அது ஊகம்தான்.

கப்பல் பட்டியலின் சாதிப் பத்தி இன்னும் வழுக்கும். தொடக்கக் காலப் பட்டியல்களில் தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜென்டூ' என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். 'பள்ளி' என்றிருந்தால் அது வன்னியரை அன்றைய அரசுப் பதிவுகள் குறித்த விதம். அப்புறம், மனிதர்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்டதும் உண்டு. ஊரில் சேரியில் பிறந்தவனை அக்கரையில் யாருக்குத் தெரியும்? இறங்கிய இடத்தில் நாயுடு என்றோ பிள்ளை என்றோ சொல்லிக்கொண்டான், பிள்ளைகள் அதோடே வளர்ந்தார்கள். பட்டியலில் 'பறையர்' என்றும் மரண அறிவிப்பில் 'பிள்ளை' என்றும் இருந்தால் தவறான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று உடனே விலகாதீர்கள். எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் அந்தப் பெயர் பூட்டன் தானே சம்பாதித்தது. குடும்பத்தாரிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். சிலருக்குச் சந்தோஷம், சிலர் போனை வைத்துவிடுவார்கள்.

தில்லையாடி வள்ளியம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1914 பிப்ரவரி 22 அன்று அங்கேயே இறந்தவர். தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி ஊர். நமக்கு ஊர்ப்பெயரோடு சொன்னால்தான் அடையாளம். காந்தியோ 'வள்ளியம்மா ஆர். முனுசாமி முதலியார்' என்று தகப்பன் பெயரோடு எழுதுகிறார். தென்னாப்பிரிக்க ஆவணத்தில் 'தில்லையாடி' என்று தேடினால் என்ன கிடைக்கும்?

ஐந்தாம் படி: ஜில்லாவிலிருந்து ஊருக்கு

பட்டியலில் உள்ள ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. இதில் கவனம் பிசகினால் வேறு மாநிலத்துக்கே போய்விடுவீர்கள். அன்றைய வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரே சித்தூர். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். ஆகவே 'நார்த் ஆர்க்காட்' என்ற குறிப்பு இன்றைய ஆந்திரத்தின் பலமநேர், சந்திரகிரியாகவும் இருக்கலாம். திருத்தணி அப்படிச் சித்தூரோடு போய் 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென் ஆர்க்காட்டிலும், திருப்பத்தூர் சேலத்திலும் இருந்தன. ஆக, ஜில்லாவைவிடத் தாலுகாவைப் பிடிப்பது நல்லது. காஞ்சீவரம், ட்ரிவெல்லூர், வாண்டிவாஷ், ட்ரிநாமலி என்ற எழுத்துகளைக் காஞ்சிபுரம், திருவள்ளூர், வந்தவாசி, திருவண்ணாமலை என்று படிக்கக் கண் பழகிக்கொள்ளும்.

கிராமப் பெயர்தான் கஷ்டம். ஒரு வரியை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: தாணா 'போலூர்', கிராமம் 'கலம்பூர்' மாதிரி ஏதோ. தாலுகா போளூர் என்பதில் சந்தேகமில்லை. அடுத்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து அதே ஒலி வருகிற எல்லா ஊரையும் எழுதுங்கள். களம்பூர் இருக்கிறது, அதே சாயலில் வேறு குக்கிராமம் இருக்கிறதா? தாலுகா எல்லை மாறியிருப்பதால் பக்கத்து ஆரணித் தாலுகாவையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலில் எழுதியது வருவாய்க் கிராமமாக இல்லாமல் அதன் உட்கிடையாகவும் இருக்கலாம். 'புதூர்', 'நல்லூர்', 'பட்டி' என்று மட்டும் இருந்தால் தாலுகாவுக்கு நாலைந்து தேறும். பக்கத்து வரிக்காரர்களின் ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால், எந்தப் புதூர் என்பது ஓரளவு தெரியும்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய அரசாணைகளும் கடிதங்களும் இருக்கின்றன. எப்படி ஆள் பிடித்தார்கள், டிப்போ எப்படி இருந்தது என்று அறிய அவை அருமை. தனி ஆளின் பெயரைத் தேடி மட்டும் அங்கே உட்காராதீர்கள். அதற்கான இடம் டர்பன். நிலப் பதிவேடுகளும் அப்படித்தான். கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது, பட்டா எங்கே இருக்கும்? அண்ணன் தம்பி யாருக்காவது காணி இருந்திருந்தால் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு வர வாய்ப்புண்டு. மாவட்டப் பதிவறையில் கேட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: ஊரில் இறங்கும்போது

வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் "இவருடைய பூட்டன் இந்த ஊர்" என்று சொன்னால் ஊர் முதலில் நினைப்பது நிலத்தைப் பற்றித்தான். பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம். வி.ஏ.ஓ.விடம் முன்கூட்டியே பேசி, சொத்து விஷயம் எதுவும் இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது உத்தமம்.

அப்புறம் குலதெய்வத்தைக் கேளுங்கள். டர்பனில் மொழி போன வீடுகளில்கூடச் சாமி போகவில்லை. மாரியம்மனுக்குக் கூழ், திரௌபதிக்குத் தீமிதி, முனீஸ்வரனுக்குச் சேவல் என்று ஏதோ ஒரு வழக்கம் வீட்டில் இருக்கும். எந்தச் சாமி, எந்த மாதம், என்ன படையல், பெண்கள் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்பது வரை டர்பன் குடும்பத்திடம் முன்னமே எழுதி வாங்கிவிடுங்கள். ஊரில் அதே படையல் போடும் பங்காளி வகையறா எது என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

விசாரிக்கும்போது பூட்டனின் தகப்பன் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் "ஆமாம், எங்க தாத்தாவுக்குத் தாத்தா அவர்தான்" என்று நாலு வீட்டார் அன்போடு சொல்வார்கள். கடல் கடந்து போனவர் யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா, அவர் கூடப் பிறந்தவர்கள் யார், தாத்தாக்கள் பெயர் என்ன என்று அவர்களைப் பேசவிடுங்கள். சொல்லும் பெயர் கப்பல் பட்டியலின் 'தகப்பன் பெயர்' பத்தியோடு ஒத்துவந்தால்தான் கணக்கு. போனவர் திரும்பி வந்து மறுபடி போன கதைகளும் கிடைக்கலாம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. 1927-க்குப் பிறகு தென்னாப்பிரிக்க அரசு ஆளுக்கு 20 பவுன் கொடுத்து அனுப்பிவைத்த ஆட்களும் உண்டு.

பெயர் ஒத்துவந்த பிறகும் உறுதி வேண்டுமென்றால், இரு வீட்டிலும் ஆண்வழியில் வந்த ஒவ்வோர் ஆண் சம்மதித்தால், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமைச் சோதனை செய்யலாம். சாதாரண டி.என்.ஏ. பொருத்தத்தை இதில் அதிகம் நம்ப வேண்டாம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் எடுத்துக் கொடுத்த சமூகங்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவு மாதிரி காட்டும். சோதனைக்கு முன்னால் டர்பன் குடும்பத்திடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: பொருந்தாமல் போனாலும் அந்த ஊரோடு உறவு கொண்டாட விருப்பமா? இல்லையென்றால் சோதனைக் குழாயை வாங்குவதற்கு முன்பே இன்னொரு முறை யோசிக்கச் சொல்லுங்கள்.